பொங்கல் விடுமுறையில் குல்மார்க்: பனி இருக்குமா, லிஃப்ட் ஓடுமா?

பனிப்பித்தன் (வேளச்சேரி)

ஐப்பசி மழையில் தெருவே ஏரியாகிக் கிடக்கும்போது பனிச்சறுக்கைப் பற்றிக் கேட்கிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். காஷ்மீரில் குல்மார்க்கில் உள்ள மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பாடம் முடித்தவர்கள். பலகைகளின் முனைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பயந்து பயந்து இறங்கும் நிலையைத் தாண்டி, இணையாக வைத்துத் திரும்பும் அளவுக்கு வந்துவிட்டோம். பொங்கலுக்கு நால்வருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைக்கிறது. அந்தச் சமயம் மேலே பனி போதுமா? அஃபர்வட் மலை வரை போகும் இரண்டாம் கட்டக் கோண்டோலா, அதாவது வடத்தில் தொங்கிப் போகும் கேபின் லிஃப்ட், ஓடுமா?

நகரில் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் ‘இரண்டாம் கட்டம் உறுதி’ என்று விளம்பரத் தாளில் அச்சடித்தே தருகிறார். இதே ஆள்தான் போன பருவத்தில் எங்களிடம் லிஃப்ட் கட்டணத்தை முன்கூட்டியே வசூலித்தார். மேலே பலத்த காற்று, கேபின் நகரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘காற்றுக்கு நான் ஜவாப்தாரி இல்லை’ என்றார். காற்றுக்கு இல்லைதான். வாங்கிய காசுக்கு?

மட்டுறுத்துநர்

வழக்கமான நினைவூட்டல். ஏற்பாட்டாளர், கடை, விடுதி எதற்கும் பெயர் வேண்டாம். போன இழை வக்கீல் நோட்டீஸ் வரை போனது. செய்தித்தாளில் வந்த பொது விவகாரங்களைப் பெயரோடு பேசலாம்.

மாம்பலம் மாமி

தம்பி, பொங்கலை வீட்டில் வையுங்கள். குல்மார்க்குக்குப் பிப்ரவரி நடுவில் போங்கள்.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரையிலான 40 நாளைச் சில்லாய் கலான் என்பார்கள். கடுங்குளிர்க் காலம். குளிர் இருந்தால் பனியும் இருக்கும் என்று நம் ஊர்க்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். குளிர் வேறு, பொழிவு வேறு. மத்தியத் தரைக்கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறு ஈரத்தைக் கொண்டுவந்தால்தான் பனி. நம்முடைய வடகிழக்குப் பருவமழையைப் போலத்தான்: கடலில் சின்னம் உருவானால் வெள்ளம், உருவாகாவிட்டால் லாரித் தண்ணீர். 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க் காய்ந்து கிடந்தது. பழுப்புப் புல்லின் மேல் கோண்டோலா போகிற படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் போட்டிகள் பிப்ரவரி 22இல் தொடங்க வேண்டியவை. பனி போதாமல் தள்ளிவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். அரசாங்கமே தேதியை மாற்றிக்கொள்கிறது. நீங்கள் பொங்கல் விடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நங்கநல்லூர் கணக்கர்

மாமி காட்டிய உதாரணமே மாமிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே? பிப்ரவரி 22இல் பனி இல்லை என்றுதானே போட்டியைத் தள்ளினார்கள். பிறகு பிப்ரவரி நடுவில் போ என்றால் என்ன அர்த்தம்?

மாம்பலம் மாமி

கணக்கர் ஐயா, பிப்ரவரியில் நிச்சயம் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஜனவரி நடுவை விட வாய்ப்பு அதிகம். அதற்குள் இரண்டு மூன்று பொழிவாவது விழுந்து, கல்லையும் புதரையும் மூடி, அடித்தளம் இறுகியிருக்கும். அடித்தளம் இல்லாமல் புதுப்பனி மட்டும் இருந்தால் பார்வைக்குத்தான் அழகு. பலகை ஒரு கல்லில் உரசினால் அடிப்பாகம் கிழிந்துவிடும், வாடகைக் கடைக்காரர் முன்பணத்தைத் தரமாட்டார்.

தேதியை இறுக்கிக் கட்டாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. பிப்ரவரியில் ஒரு வாரம், மார்ச் முதல் வாரம் என இரண்டுக்கும் அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லிவையுங்கள். பத்து நாள் முன்னால் வானிலை பார்த்து ஒன்றை உறுதி செய்யுங்கள். விமானக் கட்டணம் கூடத்தான் ஆகும். காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு வருவதற்கு ஆகும் செலவை விடக் குறைவுதான்.

கோவளம் அலை

கோவளத்தில் பலகையைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தால் கடல். லிஃப்ட் இல்லை, டிக்கெட் இல்லை, முன்பணம் இல்லை. டெல்லியில் விமானம் மாறி, ஸ்ரீநகரில் இறங்கி, தங்மார்க்கில் டயருக்குச் சங்கிலி கட்டி 13 கிலோமீட்டர் ஏறி, அங்கே போய் ‘இன்று காற்று’ என்று கேட்டுவிட்டு வருகிறீர்கள். இதைப் பொழுதுபோக்கு என்கிறீர்கள். நேர்த்திக்கடன் என்றாலாவது புரியும்.

மாம்பலம் மாமி

ஜெல்லி மீன் கொட்டிய தழும்பு ஆறியதும் வந்து பேசுங்கள்.

கம்பிவடம் (எண்ணூர்)

லிஃப்ட் ஓடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பாரந்தூக்கிகளின் வடத்தைப் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் குல்மார்க்கில் பலகையைக் கழற்றியதும் நான் போய் நிற்கிற இடம் உருளைகளுக்கு அடியில்தான். வீட்டில் இதற்குத் தனியாகத் திட்டு உண்டு.

குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். முதல் கட்டம் கொங்டூரி வரை, ஏறத்தாழ 3,080 மீட்டர், 1998இல் வந்தது. அங்கிருந்து 3,950 மீட்டரை ஒட்டிய மேல் நிலையம் வரை இரண்டாம் கட்டம், 2005. பிரெஞ்சுப் போமா நிறுவனத்தின் தொழில்நுட்பம். ஒரே வடம் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கேபினின் உச்சியிலும் வில்விசையால் இறுகும் ஒரு பிடி. நிலையத்துக்குள் நுழைந்ததும் பிடி வடத்தை விட்டுவிடும், கேபின் தனித் தண்டவாளத்தில் ஊர்ந்துபோகும், ஆறு பேர் ஏறுவார்கள், கதவு மூடும், மீண்டும் வடத்தின் வேகத்துக்கு வந்து கவ்விக்கொள்ளும். கவ்வுகிற நொடியில் ‘டக்’ என்று ஓர் ஒலி வரும். அடுத்த முறை போகும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

இந்த அமைப்புக்குப் பெரும் எதிரி பக்கவாட்டுக் காற்று. கேபின் ஊசலாடித் தூணில் மோதலாம். அதைவிட மோசம், தூணின் உச்சியில் இருக்கும் உருளை வரிசையை விட்டு வடமே நழுவலாம். அதற்காகத்தான் தூண்களில் காற்றுமானி வைத்திருக்கிறார்கள். கீழே சந்தையில் தேநீர்க் கடைப் படுதாகூட அசையாது. மேலே முகட்டில் மனிதன் நிற்க முடியாது. ‘இங்கே வெயில்தானே அடிக்கிறது, ஏன் நிறுத்தினார்கள்’ என்று கவுண்டரில் கத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து வடத்தின் மேல் விழுந்ததில் கேபினிலிருந்தவர்கள் கீழே விழுந்து 7 பேர் இறந்தார்கள். குளிர்காலம்கூட இல்லை, கோடை. அதற்குப் பிறகும் காற்றில் ஓட்டச் சொல்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. மின்சாரம் நின்றால் டீசல் எஞ்சின் இருக்கிறதே, அதை வைத்து ஓட்டலாமே என்பார்கள். துணை எஞ்சினின் வேலை, வழியில் நிற்பவர்களை மெதுவாக நிலையத்துக்கு இழுத்துச் சேர்ப்பது. அதை வைத்துப் புதிதாக ஆள் ஏற்றக் கூடாது.

பழனிக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். காற்று கூடினால் ரோப் கார் நிற்கும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு, ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட பராமரிப்பு. யாரும் சண்டைக்குப் போவதில்லை. விஞ்சில் ஏறுகிறார்கள், இல்லாவிட்டால் படி இருக்கிறது.

பனிப்பித்தன்

அண்ணா, பழனியை நீங்களே எடுத்துக்கொடுத்தீர்கள், நன்றி. அங்கே பராமரிப்பு என்றால் முந்தின வாரமே செய்தித்தாளில் வந்துவிடுகிறது, தேதியோடு. நான் கேட்பதும் அது மட்டும்தான். காற்றில் ஓட்டு என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஓடாது என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள் என்கிறேன். சொன்னால் அன்றைக்குக் கீழே பயிற்சிச் சரிவில் இழுவை லிஃப்டில் திருப்பங்களைப் பழகுவேன், அல்லது பாபாரிஷி பக்கம் காட்டுக்குள் நடப்பேன். சொல்லாமல் வரிசையில் நிற்கவைத்தால் அந்த நாள் போச்சு. எங்களுக்கு இருப்பதே ஒரு வாரம்.

மாம்பலம் மாமி

இதற்கு நான் ஒரு கதை சொல்கிறேன். ஊர் பெயர் சொல்ல மாட்டேன், மட்டுறுத்துநர் பயப்பட வேண்டாம். வடக்கே ஒரு மலை, அங்கே ஒரு லிஃப்ட், அதை நடத்த ஓர் அமைப்பு. காலை ஒன்பதரைக்கு வரிசை. டிக்கெட் கொடுக்கிறார்கள், எல்லோரும் வாங்குகிறோம். பூட்ஸோடு நிற்கிறோம். பனிச்சறுக்கு பூட்ஸ் போட்டவர்களுக்குத் தெரியும், அதில் நிற்பதே ஒரு தண்டனை. கணுக்கால் மடங்காது, முழங்கால் முன்னால் தள்ளும். பதினொரு மணிக்குப் பக்கவாட்டு ஜன்னலில் ஒரு தாளை ஒட்டினார்கள். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். ஓரத்தில் யாரோ குழந்தை போட்ட பெருக்கல் கணக்கு அப்படியே இருந்தது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளை நாடாவால் ஒட்டி, இந்தியில் ‘மேலே மூடல்’ என்று இரண்டு வார்த்தை. எப்போதிலிருந்து மூடல் என்று விசாரித்தால், காலையிலிருந்தே. பிறகு எதற்கு டிக்கெட் கொடுத்தீர்கள் என்றேன். ‘நீங்கள் கேட்கவில்லையே’ என்றார்.

அந்தப் பதிலில்தான் முழு நிர்வாகமும் இருக்கிறது. இயந்திரம் கெட்டதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கம்பிவடம் (எண்ணூர்)

மாமி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இயக்குபவருக்குக் காலை ஏழு மணிக்கே தெரியும். ஆள் ஏற்றுவதற்கு முன் காலிக் கேபின்களோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள், காற்றுமானி எண்களைப் பார்ப்பார்கள். அந்த அறைக்கும் டிக்கெட் அறைக்கும் நடுவில் ஒரு தொலைபேசி போதும்.

நங்கநல்லூர் கணக்கர்

நான் சறுக்குகிறவன் அல்ல. மருமகன் சறுக்குகிறார், நான் வேடிக்கை பார்க்கிறேன். இருபத்தைந்து ஆண்டு அரசுத் தணிக்கையில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

குல்மார்க் கோண்டோலாவை நடத்துவது ஜம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் கழகம். ஆண்டுக்குப் பல லட்சம் பேர் ஏறுகிறார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலே போய் பனியைத் தொட்டு, படம் எடுத்து, நூடுல்ஸ் சாப்பிட்டு, இறங்கி வருகிறவர்கள். கோடையில் முழுக்க அவர்கள்தான். பனிச்சறுக்குக்காரருக்கு ஒரே நாளில் ஏழெட்டு முறை ஏற வேண்டும், சுற்றுலாப் பயணிக்கு ஒரு முறை. கட்டணம், வரிசை, நேரம், அறிவிப்பு எல்லாமே அந்த ஒரு முறை ஏறுபவரை மனத்தில் வைத்து அமைந்தவை. அவருக்குப் பதினொரு மணிக்கு மூடல் என்று தெரிந்தால் பெரிய இழப்பு இல்லை, குதிரையில் ஏறிப் போய்விடுவார். வருமானம் அவரிடமிருந்து வருகிறவரை உங்கள் புகாருக்கு எடை குறைவு.

கோவளம் அலை

தனியாரிடம் கொடுத்தால் சரியாகிவிடும்.

நங்கநல்லூர் கணக்கர்

எல்லா இழையிலும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 10, ராம நவமி. ஜார்க்கண்டில் தேவ்கர் அருகே திரிகூட மலை ரோப்வே நின்று, கேபின்களில் அகப்பட்டவர்களை விமானப்படை ஹெலிகாப்டர்கள் 40 மணி நேரத்துக்கு மேல் போராடி இறக்கின. 3 பேர் இறந்தார்கள். அதை நடத்தியது தனியார் நிறுவனம்தான். நடத்துபவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. வடத்தையும் பிடிகளையும் யார் வந்து சோதிக்கிறார்கள், அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வருகிறதா, இவைதான் முதல் கேள்வி. தணிக்கைக்காரன் புத்தி என்று சொன்னாலும் சரி.

ஆவடிச் சிப்பாய்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட், லிஃப்ட், லிஃப்ட். பனிச்சறுக்குக்கு லிஃப்ட் வேண்டும் என்று யார் சொன்னது?

படையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது முதல் பாடமே ஏற்றம். பலகையின் அடியில் ஒரு பட்டை ஒட்டுவோம். அதன் மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் சரியவிடாது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற, ஆனால் குதிகால் விடுபட்டிருக்கும் பைண்டிங் போட்டு, முதுகில் சுமையோடு மணிக்கணக்கில் ஏறுவோம். ஒரு தடவை இறங்குவதற்குப் பாதி நாள் ஏற்றம். அந்த இறக்கத்தின் ருசியே வேறு. இப்போதைய பிள்ளைகள் ஆறு நிமிடம் வரிசையில் நிற்க முடியாமல் நிர்வாகத்தைத் திட்டுகிறார்கள்.

பனிப்பித்தன்

ஐயா, வணக்கம். உங்களுக்குச் சம்பளத்தோடு பனி கிடைத்தது. எங்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விடுப்புக் கொடுக்கிறார்கள். கடல் மட்டத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் மூன்றாம் நாள் 3,900 மீட்டரில் சுமை தூக்கி ஏறினால் இறக்கத்தின் ருசி தெரிவதற்கு முன் வாந்திதான் வரும்.

ஆவடிச் சிப்பாய்

அது நியாயம். நாலாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. முதல் இரண்டு நாள் கீழேயே இருந்து பழகிக்கொள்ள வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தலைவலி வந்தால் மேலே போகக் கூடாது. இதை எந்த ஏற்பாட்டாளரும் தாளில் அச்சடிப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மூடல் அறிவித்ததும் கயிற்றைத் தாண்டி நடந்து ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பனி பெய்த மறுநாள் வானம் நீலமாக இருக்கும், எல்லோருக்கும் கால் பரபரக்கும். பனிச்சரிவுக்கு மிகவும் தோதான நேரமும் அதுதான். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பனிப்பாளங்கள் பெயர்கின்றன. சறுக்குகிறவனுக்குப் பிடித்த சாய்வும் அதே. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட்டில் பனிச்சரிவில் இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர், அதுவும் கீழே விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது. மேல் நிலையத்துக்குக் கீழே உள்ள கிண்ணப் பகுதியில் மட்டும்தான் ரோந்துக் குழு பனியைச் சோதித்துத் திறந்துவிடுகிறது. மலையின் மற்ற முகம் முழுக்க உங்கள் பொறுப்பு. சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மடக்கு மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் இருந்து மூவரிடம் இல்லாவிட்டால் பயன் இல்லை, புதைந்தவரே அந்த ஒருவராக இருந்தால் தோண்டுவது யார்? கால் மணி நேரத்துக்குப் பிறகு தோண்டி எடுப்பவர்களில் பிழைப்பவர்கள் குறைவு.

ஆகவே காற்றுக்காக மட்டும் மூடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சில நாள் காற்றே இருக்காது, லிஃப்ட் நிற்கும். அன்றைக்குக் காரணம் பனிச்சரிவு அபாயம்.

மாம்பலம் மாமி

இதை, இதே நாலு வரியை, அந்த ஜன்னலில் ஒட்டியிருந்தால் நான் கும்பிடு போட்டுவிட்டு விடுதிக்குப் போயிருப்பேன்.

முதல்முறை (அம்பத்தூர்)

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் குறுக்கிடுகிறேன். நான் இதுவரை பனியையே பார்த்ததில்லை. காஷ்மீர் வேண்டாம் என்று வீட்டில் அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். உத்தராகண்டில் இருக்கும் ஔலி எப்படி? ரோப் காரில் போகலாம் என்று படித்தேன். இன்னொரு கேள்வி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் செயற்கைப் பனி அரங்கு இருக்கிறதே, அங்கே பழகலாமா?

கம்பிவடம் (எண்ணூர்)

நீங்கள் படித்தது பழைய தகவல். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வே 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், 10 தூண், 1994இல் ஓடத் தொடங்கியது. குல்மார்க் போல வளையமாகச் சுற்றுவது அல்ல. இரண்டு பெரிய பெட்டி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரமே நிலத்தில் புதையத் தொடங்கியபோது நிறுத்திவிட்டார்கள். 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரை 12 நாளில் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

வடம் பார்க்கிறவனாக எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. வடத்தை மாற்றலாம், உருளையை மாற்றலாம், மோட்டாரை மாற்றலாம். தூண் நிற்கும் தரையை மாற்ற முடியாது. ஜோஷிமட் பழைய மண்சரிவின் குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறது, பெரிய கட்டுமானம் கூடாது என்று 1976இலேயே மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் அந்த ஊரில் அடுக்கடுக்காகக் கட்டிடம் எழுப்பினார்கள்.

மாம்பலம் மாமி

அம்மாவிடம் சொல்லுங்கள், ஔலிக்கு இப்போது சாலை வழியாகப் போகலாம், நந்தாதேவி எதிரே தெரியும், சரிவு அகலமாகவும் சாய்வு மிதமாகவும் இருப்பதால் கற்றுக்கொள்ள நல்ல இடம். நாற்காலி லிஃப்ட் ஒன்று உண்டு, அது 800 மீட்டர்தான். சிக்கல் பனியில். குல்மார்க்கை விடத் தெற்கே இருக்கிற இடம். 2011இல் தெற்காசியக் குளிர்காலப் போட்டிகளுக்காகப் பனி பொழியும் இயந்திரங்கள், அவற்றுக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் ஏரி எல்லாம் வைத்தார்கள். பிறகும் பனி இல்லாமல் தேசியப் போட்டிகளை ரத்து செய்த ஆண்டுகள் உண்டு.

செயற்கை அரங்கில் குழந்தைகளோடு போய்ச் சறுக்கி விழுந்து சிரித்துவிட்டு வாருங்கள். பலகை கட்டிப் பழக அது இடம் இல்லை. அதற்குப் பதில் சக்கரக் காலணி பழகுங்கள், உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும் பழக்கம் வரும். பரங்கிமலைப் படியில் ஏறுவதை விட இறங்குவதுதான் தொடைக்கு நல்ல பயிற்சி. மெதுவாக இறங்குங்கள்.

கோவளம் அலை

இயந்திரம் இருந்தும் ஏன் ரத்து? தண்ணீரைப் பீய்ச்சினால் உறையப் போகிறது.

கம்பிவடம் (எண்ணூர்)

உறைய வேண்டுமே. அழுத்தக் காற்றோடு தண்ணீரை நுண்துளியாகத் தெளிக்கிறார்கள். துளி தரையில் விழுவதற்குள் உறைய வேண்டும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கும் வெப்பநிலை, சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் ஒரு மணி நேரம் அல்ல, இரவு முழுக்க, பல இரவு. வெறும் வெப்பமானியைப் பார்த்தால் போதாது, காற்றில் ஈரம் கூடினால் அதே குளிரிலும் உறையாது. இரவு சூடாகிக்கொண்டே போனால் இயந்திரம் துருப்பிடிக்கும். ஐரோப்பாவின் தாழ்ந்த மலைகளிலும் இந்தச் சங்கடம்தான்.

கோவளம் அலை

அப்படியானால் இன்னும் இருபது ஆண்டில் எல்லோரும் கோவளத்துக்கு வந்துவிடுவீர்கள். இடம் பிடித்து வைக்கிறேன். கடல் அதுவரை கரையை விட்டு வைத்தால்.

நங்கநல்லூர் கணக்கர்

சிரிக்கத்தான் முடியவில்லை.

பனிப்பித்தன்

சரி, முடிவுக்கு வருகிறேன். பொங்கல் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். நால்வரில் ஒருவருக்குப் பள்ளித் தேர்வு எழுதும் மகள் இருப்பதால் அவர் வரமாட்டார். மூவர் மார்ச் முதல் வாரம், பனி பார்த்துப் பிப்ரவரிக்கு முன்னகர்த்தலாம். ஏற்பாட்டாளரிடம் அறைக்கு மட்டும் பணம். லிஃப்ட் கட்டணத்தை அன்றன்று நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று எழுத்தில் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். ‘உறுதி’ என்ற சொல்லையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன், அதற்குத்தான் முகம் சுருங்கியது.

மேல் கட்டம் மூடினால் கொங்டூரியிலிருந்து மேரீஸ் ஷோல்டர் வரை போகும் நாற்காலி லிஃப்ட். 2011இல் வந்தது, எங்கள் தரத்துக்கு அதுவே தாராளம். அதுவும் மூடினால் கீழே இழுவை லிஃப்ட். சிப்பாய் ஐயா சொன்னதற்காக ஒரு நாள் பட்டை ஒட்டி, வழிகாட்டியோடு, தாழ்வான காட்டுப் பகுதியில் ஏறிப் பார்க்கவும் போகிறோம்.

ஆவடிச் சிப்பாய்

நல்லது தம்பி. கையுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள். ஒன்று நனையும்.

மாம்பலம் மாமி

வாடகைச் சாமான் பற்றி யாரும் பேசவே இல்லை, அங்கேதான் அதிகம் ஏமாறுவார்கள். பைண்டிங்கில் ஒரு சிறு சாளரம் இருக்கும், அதில் எண். விழும்போது எந்த அளவு முறுக்கினால் பூட்ஸைப் பலகை விட்டுவிட வேண்டும் என்பதற்கான எண் அது. உங்கள் எடை, உயரம், வயது, சறுக்கும் தரம், பூட்ஸ் அடியின் நீளம் எல்லாம் பார்த்துத் திருகாணியால் வைக்க வேண்டும். ஒரு கடையில் என் எடையைக் கேட்காமலே பலகையை நீட்டினார்கள். எனக்கு முன்னால் எடுத்துப் போனவர் என்னைப் போல் ஒன்றரை மடங்கு இருப்பார் போலிருக்கிறது. அந்த எண்ணோடு விழுந்திருந்தால் பலகை கழன்றிருக்காது, முழங்கால்தான் கழன்றிருக்கும். கேட்டதும், ‘நீங்கள் விழாமல் ஓட்டுங்கள் மேடம்’ என்று அறிவுரை வேறு. திருகாணியை வாங்கி எதிரே நின்று வைக்கச் சொன்னேன். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். பலகையின் எஃகு ஓரத்தில் நகத்தை வைத்து லேசாகத் தேயுங்கள், நகம் கொஞ்சமாவது சீவப்பட்டால் கூர்மை இருக்கிறது. துருவும் வழவழப்பும் இருந்தால் வேறு கேளுங்கள், இறுகிய பனியில் அது பிடிக்காது.

முதல்முறை (அம்பத்தூர்)

அம்மா, பூட்ஸ் அளவு எப்படிச் சொல்ல வேண்டும்? நான் செருப்புக் கடையில் 9 வாங்குகிறேன். கம்பளிக் காலுறை இரண்டு போட்டுக்கொண்டால் குளிர் தாங்குமா?

மாம்பலம் மாமி

ஒன்பது என்று அங்கே சொல்லாதீர்கள். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீண்ட விரல் வரை சென்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 27 என்றால் 27தான் அளவு. மாலையில் அளங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி உண்மையான நீளம் தெரியும். காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால் வரை நீண்டது. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் நெருக்குப்பட்டு விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். பூட்ஸுக்குள் காலுறை மட்டும்தான் போக வேண்டும், உள்ளாடைக் கால்சட்டையின் நுனியை மேலே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மடிப்பு தாடையில் அழுந்தித் தோல் உரியும்.

மட்டுறுத்துநர்

‘தாடையில்’ என்பது கணுக்காலுக்கு மேல் உள்ள எலும்பைக் குறிக்கும் என்று நினைக்கிறேன், மாமி?

மாம்பலம் மாமி

கெண்டைக்கால் முன் எலும்பு. கைபேசி தானாகத் திருத்திவிட்டது. தம்பி, அளவை எழுதி இங்கேயே போடுங்கள், அங்கே எனக்குத் தெரிந்த பயிற்சியாளரிடம் கேட்டு எது கிடைக்கும் என்று சொல்கிறேன்.

முதல்முறை (அம்பத்தூர்)

26.5 அம்மா. இடது கால் 27.

மாம்பலம் மாமி

பெரிய காலுக்கு எடுங்கள்.